ஊராட்சியில் ஆவணம் கேட்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உள்ளாட்சி அலுவலகங்களைப் பற்றியவை. மனுப் போட்டும் தாள் கைக்கு வரவில்லை என்பதே அவற்றின் பொதுக் குறை. ஒரே மாதிரியானவற்றைத் தவிர்த்துச் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் பலர் சிறிய ஊர்களில் வசிப்பதால் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் ஈராண்டுக்கு முன் போட்ட சிமென்ட் சாலை முதல் மழைக்காலத்திலேயே வெடித்து, இப்போது ஓரங்கள் பெயர்ந்து கிடக்கின்றன. "சாலை ஏன் தரமின்றிப் போடப்பட்டது? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று தொடங்கிப் பன்னிரண்டு கேள்விகள் எழுதி ஊராட்சிக்கு மனு அனுப்பினேன். "வினா வடிவில் கோரப்பட்டுள்ளதால் தகவல் அளிக்க வழிவகை இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இது சரிதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: பாதி சரி. அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதேனும் ஒரு வடிவில் இருக்கும் பதிவையே இச்சட்டம் 'தகவல்' என்கிறது. இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, கேட்டவருக்காகப் புதிதாகக் கருத்து எழுதித் தரவோ பொதுத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2011இல், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே, "ஏன் தரமில்லை?" என்பதற்கு அவர் விடை எழுத வேண்டியதில்லை. ஆனால், கேள்விக்குறி இருக்கிறது என்பதற்காகவே மனுவைத் தள்ளிவிட முடியாது. "எவ்வளவு தொகை வழங்கப்பட்டது?" என்பதும் கேள்விதான், அதற்கான விடை, பில் எனப்படும் பட்டியலிலும் ரொக்கப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கிறதே! தவிர, மறுப்பவர் அதற்கான காரணத்தையும், மேல்முறையீடு செய்ய வேண்டிய காலக்கெடுவையும், மேல்முறையீட்டு அலுவலரின் விவரத்தையும் குறிப்பிட வேண்டும் என்று 7(8) பிரிவு சொல்கிறது. உங்களுக்கு வந்த ஒற்றை வரியில் இவற்றில் பின்னிரண்டும் இல்லை.

நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் புது மனு ஒன்றைச் சரியாக எழுதுவதே விரைவான வழி என்பது என் எண்ணம். ஓர் அலுவலகத்தின் பதிவறையில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பன்னிரண்டு கேள்விகளோடு வரும் மனு மேசை மேசையாக அலையும், பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கும் மனு நேராக அலமாரிக்குப் போகும். உங்கள் பன்னிரண்டு கேள்விகளுக்கான விடைகளும் ஐந்தாறு ஆவணங்களுக்குள் அடங்கிவிடும். பணிக்கான மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும், வேலை உத்தரவு, எம்-புக் என்று எல்லாரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்கள், தொகை வழங்கிய பட்டியல், தரப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால் அதன் அறிக்கை. மனுவை இப்படி எழுதலாம்: "இன்ன ஊராட்சி, இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் மேற்கொள்ளப்பட்ட சிமென்ட் கான்கிரீட் சாலைப் பணி தொடர்பான பின்வரும் ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்களை அளிக்க வேண்டுகிறேன்." அதன் கீழே ஆவணங்களின் பெயர்கள் இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்கவும் கூடாது என்பது 6(2) பிரிவு.

இவற்றில் அளவுப் புத்தகத்தைத் தவறவிடாதீர்கள். பணியிடத்தில் எடுத்த நீளம், அகலம், கனம் மூன்றும் அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின்படிதான் தொகை வழங்கப்படும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் அது 54 கன மீட்டர் கான்கிரீட். தரையில் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் அங்கே கிடப்பது 36 கன மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து யாரும் அளந்துவிடலாம். கனத்தைப் பார்க்கச் சாலையை உடைக்க வேண்டியதில்லை. ஓரம் பெயர்ந்த இடத்திலோ, பின்னால் யாரோ குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய இடத்திலோ கான்கிரீட்டின் குறுக்குவெட்டு தெரியும்; அங்கே அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "யார் பொறுப்பு?" என்ற உங்கள் கேள்விக்கும் விடை அங்கேதான் உள்ளது, அளந்தவரும் சரிபார்த்தவரும் கையொப்பமிட்டிருப்பார்கள்.

அளவுப் புத்தகம் ஊராட்சி அலுவலகத்தில் இல்லாமல், ஒன்றிய அலுவலகத்தில் பொறியியல் பிரிவினரிடம் இருக்கலாம். அதற்காகத் தனி மனு வேண்டாம். வேறோர் அலுவலகத்துக்குரிய தகவல் என்றால், மனுவை 5 நாள்களுக்குள் அங்கே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டியது, வாங்கியவரின் கடமை. இது 6(3) பிரிவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றளித்துப் பெறவும், நடக்கும் பணியைப் பார்வையிடவும் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. அடுத்த தெருவில் சாலைப் பணி தொடங்கும்போதே இதைப் பயன்படுத்துங்கள். உறைந்துபோன கான்கிரீட்டைவிட, கொட்டிக் கிடக்கும் மணலையும் ஜல்லியையும் கேட்பது எளிது.

கேள்வி: மனுவில் 10 ரூபாய்க்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். கட்டணம் செலுத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆதார் நகலும் கேட்கிறார்கள். (இல்லத்தரசி)

பதில்: ஸ்டாம்ப் விஷயத்தில் தவறு உங்களுடையது. தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய்தான். ஆனால் ஒட்ட வேண்டியது நீதிமன்றக் கட்டண வில்லை, அதாவது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ரெவின்யூ ஸ்டாம்பும் தபால்தலையும் செல்லாது. அலுவலகத்திலேயே ரொக்கமாகச் செலுத்தி ரசீது பெறலாம். வங்கி வரைவோலையும் கருவூலச் செலுத்துச் சீட்டும் ஏற்கப்படும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. ஆதாரைப் பொறுத்தவரை, உங்களைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரங்களுக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. நான் இந்தியக் குடிமகள் என்று மனுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள், அது போதும். சிலர் மத்திய அரசின் இணையதளத்தில் ஊராட்சிக்கான மனுவைப் பதிவு செய்து பணம் இழந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தளம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: வீட்டு மனையின் பட்டா நகலுக்கும், என் தாயாரின் இறப்புச் சான்றுக்கும் தகவல் சட்டத்தில் மனுப் போடலாமா?

பதில்: வேண்டாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறைக்குரியது. பிறப்பு, இறப்புச் சான்றுகள் 1969ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி தரப்படுபவை. இவற்றுக்கெல்லாம் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் உண்டு. தகவல் சட்டத்தில் கேட்டால், 30 நாள் கழித்து "உரிய முறையில் விண்ணப்பிக்கவும்" என்ற பதிலே வர வாய்ப்பு அதிகம். உரிய முறையில் விண்ணப்பித்தும் சான்று வராமல் இழுத்தடித்தால், அப்போது "இன்ன தேதியில் நான் கொடுத்த விண்ணப்பத்தின் மீது எந்தெந்தத் தேதியில், எந்தெந்த அலுவலரால் என்ன குறிப்பு எழுதப்பட்டது? அக்குறிப்புப் பக்கங்களின் நகல் தேவை" என்று இச்சட்டத்தில் கேளுங்கள். மனு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே சான்று வீடு தேடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐந்தாண்டு வரவு செலவு ஆவணங்களைக் கேட்டதற்கு, "தாங்கள் கோரும் ஆவணங்கள் அதிக அளவில் உள்ளதால் நேரில் வந்து பார்வையிட்டுக் கொள்ளலாம்" என்று கடிதம் வந்திருக்கிறது. நேரில் போனால் மிரட்டுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. (சிறு வணிகர்)

பதில்: அந்தக் கடிதத்தை மறுப்பாக நினைக்காதீர்கள். கேட்ட வடிவிலேயே தகவலைத் தர வேண்டும் என்றும், அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறித் திருப்பிவிடுவதாகவோ, ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடாகவோ இருந்தால் மட்டும் வேறு வடிவில் தரலாம் என்றும் 7(9) பிரிவு கூறுகிறது. வேறு வடிவில் தருவதற்குத்தான் அங்கே இடமுண்டு. தராமல் இருப்பதற்கு இல்லை. உண்மையில், பார்வையிடல் என்பது இச்சட்டத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல கருவி. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் ஐந்தாண்டுக் கணக்குக்கும் செலுத்தினால் ஆயிரக்கணக்கில் போகும்; அவற்றில் உங்களுக்குத் தேவைப்படுவது இருபது பக்கமாக இருக்கலாம். பார்வையிடும்போது முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

போவதற்கு முன் தேதியையும் நேரத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவரைத் துணைக்கு அழைத்து வர விரும்புவதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. கையில் பென்சிலும், கிழித்து வைத்த துண்டுச் சீட்டுகளும் இருக்கட்டும். பதிவேட்டின் மேல் எதுவும் எழுதாதீர்கள். வேண்டிய பக்கத்தில் சீட்டைச் செருகிக்கொண்டே போய், முடிவில் பக்க எண்களைப் பட்டியலிட்டு அவற்றின் நகலை மட்டும் கேளுங்கள். முதலில் ரொக்கப் புத்தகத்தை வாங்குங்கள். ஒரு செலவைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய செலவுச் சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தச் சீட்டையும் அதைச் செலவிட அனுமதித்த தீர்மானத்தையும் கேளுங்கள். தெருவிளக்கு பல்பு வாங்கிய சீட்டில் கடைக்காரரின் பட்டியல் எண் 41 என்றும், நான்கு மாதம் கழித்து வாங்கிய மோட்டார் உதிரி பாகத்துக்கு அதே கடையில் எண் 42 என்றும் இருந்த ஒரு கோப்பு என் நினைவில் இருக்கிறது. இடைப்பட்ட நான்கு மாதத்தில் அந்தக் கடையில் வேறு யாருமே எதுவும் வாங்கவில்லை போலும். பட்டியலின் தொகையைப் பார்ப்பவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை.

நகலுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால், எத்தனை பக்கம், எவ்வளவு வீதம் என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். அக்கடிதம் அனுப்பப்பட்ட நாளுக்கும் நீங்கள் பணம் செலுத்திய நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாள் கணக்கில் சேராது என்பதால், தாமதிக்காமல் கட்டிவிடுங்கள். 30 நாள் கெடுவுக்குள் தரத் தவறினால், அதன்பின் இலவசமாகவே தர வேண்டும் என்பது 7(6) பிரிவு.

கேள்வி: 2009இல் எங்கள் பகுதிக் குளத்தின் ஒரு பகுதியைப் பொதுக் கட்டடத்துக்கு ஒதுக்கிய கோப்பைக் கேட்டேன். "தேடிப் பார்த்ததில் கோப்பு கிடைக்கப்பெறவில்லை" என்கிறார்கள்.

பதில்: தகவலை மறுப்பதற்கான காரணங்களை 8, 9 ஆகிய பிரிவுகள் வரையறுக்கின்றன; 'கிடைக்கப்பெறவில்லை' என்பது அவற்றில் இல்லை. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணம் இப்போது இல்லை என்று சொல்வது மட்டும் போதாது, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்னும் கருத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஆனால், அதற்கு முன் கோப்பின் தடத்தைப் பிடியுங்கள். அரசு அலுவலகத்தில் ஒரு தாள் தனியாகக் காணாமல் போவதில்லை. அது போன வழியை வேறு நான்கு பதிவேடுகள் சொல்லும். வந்த தபாலுக்குப் பகிர்மானப் பதிவேட்டில் எண் விழுந்திருக்கும். அதைக் கையாண்ட எழுத்தரின் தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே, கோப்பு யாருக்கு எப்போது போனது, எப்படி முடிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். முடிந்த கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். என்று வகைகள் உண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது, எல்.டிஸ். ஓராண்டில் அழிக்கத்தக்கது. குளத்து நில ஒதுக்கீட்டை எல்.டிஸ். என்று முடித்திருந்தால் அதுவே பெரிய செய்தி. ஆகவே, கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, தன்பதிவேட்டில் அதற்குரிய பக்கத்தையும், அழித்திருந்தால் அழித்ததற்கான ஆணையையும் கேளுங்கள். எண் தெரியாவிட்டால், அக்காலத்தில் வந்த ஏதாவது கடிதத்தின் மேலே 'ந.க. எண்' என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்; பழைய கடிதங்களை எறியாத பக்கத்து வீட்டுப் பெரியவர் யாரேனும் இருப்பார். ஒரே கடிதம் ஊராட்சி, ஒன்றியம், வட்டாட்சியர் அலுவலகம் ஆகிய மூன்று இடங்களுக்கும் போயிருக்கலாம் என்பதால், நகல் வேறோர் இடத்தில் கிடைக்கவும் வழியுண்டு. அந்த ஒதுக்கீட்டுக்குத் தீர்மானம் போட்டிருப்பார்களே, தீர்மானப் புத்தகமும் தொலைந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து மனையில் விதிமீறிக் கட்டடம் எழும்புகிறது. நகராட்சியில் அனுமதி விவரம் கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று மறுக்கிறார்கள்.

பதில்: இந்த மறுப்பு முன்பைவிட இப்போது வலுப்பெற்றிருக்கிறது. தனிநபர் தகவலுக்கு விலக்களிக்கும் 8(1)(ஜே) பிரிவில் முன்பு இருந்த பொதுநலன் சார்ந்த வரையறைகளை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே செய்த திருத்தம் நீக்கிவிட்டது. என் பார்வையில் இது தேவையற்ற சுருக்கம். ஆயினும் இரண்டு வாயில்கள் திறந்தே உள்ளன. விலக்களிக்கப்பட்ட தகவலாயினும் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. சலுகை, அனுமதி, உரிமம் பெற்றவர்களின் விவரங்களை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி) பிரிவின் 13ஆம் உட்கூறும் இருக்கிறது. கட்டட அனுமதியும் அனுமதிதானே! உரிமையாளரின் தொலைபேசி எண்ணோ விற்பனைப் பத்திரமோ உங்களுக்கு எதற்கு? அவற்றை விட்டுவிட்டு, அந்த மனைக்கு அளித்த அனுமதி ஆணை, எத்தனை தளங்கள், பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். தர முடியாத வரிகளை மறைத்து மீதியைத் தருமாறு 10ஆம் பிரிவைக் காட்டி ஒரு வாக்கியமும் சேருங்கள்.

கேள்வி: மனுக் கொடுத்து 50 நாள் ஆகிறது; பதிலே இல்லை. நேராகச் சென்னைக்கு, தகவல் ஆணையத்துக்கே புகார் அனுப்பலாமா? (கல்லூரி மாணவர்)

பதில்: அனுப்பலாம்; ஆனால் உங்களுக்கு ஆவணம் வேண்டுமா, தண்டனை வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். 18ஆம் பிரிவின் கீழான புகாரில் அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாமே தவிர, தகவலைக் கொடுக்கும்படி ஆணையிட முடியாது என்று மணிப்பூர் மாநிலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துவிட்டது. தகவல் வேண்டுமென்றால் 19ஆம் பிரிவின் வழியே மேல்முறையீடுதான். பதில் வராத 30 நாள் முடிந்ததும் அது மறுப்பாகவே கருதப்படும். அன்றிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்நிலை அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அவர் 30 நாளுக்குள், காரணம் எழுதி நீட்டித்தாலும் 45 நாளுக்குள், முடிவு செய்ய வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இரண்டுக்கும் இங்கே கட்டணம் இல்லை.

முதல் மேல்முறையீட்டைச் சடங்காக எழுதாதீர்கள். ஆணையத்தில் முறை வரப் பல மாதங்கள் ஆகலாம். எழுதிய தாளே அங்கே உங்களுக்காகப் பேசும். மனு, அஞ்சல் ரசீது, பட்டுவாடா ஆனதற்கான சான்று ஆகிய மூன்றின் நகலையும் இணைத்து, தேதிகளை வரிசையாக எழுதுங்கள். மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டிய சுமை அலுவலரைச் சேர்ந்தது என்னும் 19(5) பிரிவைக் குறிப்பிடுங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கே உண்டு. முதல் மேல்முறையீட்டு அலுவலரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. ஊழல், கொள்ளை போன்ற சொற்களை எழுதினால் விசாரணை அந்தச் சொற்களைப் பற்றியதாகத் திரும்பிவிடும்.

கேள்வி: நூறு நாள் வேலைக் கணக்கைக் கேட்டு மனுப் போட்ட மறுநாளே, என் பெயரைச் சொல்லி ஆட்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பெயர் தெரியாமல் கேட்க வழியுண்டா?

பதில்: பெயரில்லாத மனுவை ஏற்க மாட்டார்கள். ஆனால் வீட்டு முகவரி கட்டாயமில்லை; அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் கூறியிருக்கிறது. வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரும் உங்கள் ஊராட்சிக்கு மனுச் செய்யலாம். குடிமகனாக இருந்தால் போதும், அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. மிரட்டல் நேர்ந்தால் அன்றே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

இதைவிட எளிய வழி, தனியாகக் கேட்காமல் இருப்பது. இச்சட்டம் பிறந்த கதையே அதுதான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பினர் வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். இறந்தவரின் பெயரும், ஊரிலேயே இல்லாதவரின் பெயரும் அதில் இருந்ததை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த மேடை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. உங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களில் நான்கைந்து பேரிடம் பேசி, அடுத்த கூட்டத்தில் சென்ற மாத வருகைப் பட்டியலைப் பெயர் பெயராகப் படிக்கச் சொல்லுங்கள். "இது எப்படி?" என்று நீங்கள் தனியாக எழுந்து கேட்க வேண்டியிருக்காது. மறுத்தால், மறுத்ததையும் கேட்டவர்களின் பெயர்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அந்தப் பக்கத்தின் நகலுக்கு 10 ரூபாய் வில்லை ஒட்டி அந்த நான்கைந்து பேரும் தனித்தனியே மனுப் போடட்டும்.